முன்தேதியிட்ட அம்மா

கடை வேலையை விட வேண்டாம், அந்தப் பேட்டரியைப் பழுது பார்த்துக்கொண்டே கேளுங்கள் சார், நான் இந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறேன். உள்ளேதான் போக வேண்டும். போகிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது நல்லது என்று பட்டது. நீங்கள் வீட்டுக்காரர். நீங்கள் சொன்னால் அம்மா கேட்பாள்.

நான் கோமதிநாயகம். உங்கள் பின்கட்டில் குடியிருக்கிற ஆவுடையம்மாளின் மூத்த பையன். போன வாரமும் வந்தேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தின வாரமும் வந்தேன். எல்லாம் ஒரு படிவத்துக்காக. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் அந்தப் படிவத்தை அவள் நிரப்பிவிட்டால் மூன்று லட்சத்துக்கு மேல் வரி மிச்சம். மாட்டேன் என்கிறாள். எழுபத்தொன்பது வயது. ஏன் என்று கேட்டால் ஒரு நிபந்தனை சொல்கிறாள். அந்த நிபந்தனையைத்தான் நீங்கள் பேசிக் கொஞ்சம் தளர்த்த வேண்டும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது சார். சம்பளக்காரனுக்குத்தான் தெரியும். நான் முப்பத்தோரு வருஷம் மதுரையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போட்டவன். மார்ச்சில்தான் ஓய்வு. வரிப் பிடித்தம் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். பிப்ரவரி மாதம் வந்தால் பெரிய பெரிய பேராசிரியர்கள் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, பிள்ளைகளின் பள்ளிக்கூட ரசீதை மடித்து மடித்துக் கொடுப்பார்கள்.

முன்தேதியிட்டுச் சம்பள உயர்வு என்று ஒன்று உண்டு. ஏழு வருஷத்துக்கு முன்னாலிருந்தே உன் சம்பளம் இவ்வளவு என்று திடீரென்று ஒரு நாள் உத்தரவு வரும். ஏழு வருஷத்து வித்தியாசமும் ஒரே மாதத்தில் கையில் விழும். வரிக்காரர்களுக்கு அது இந்த வருஷத்து வருமானம். கைக்கு வந்த வருஷம்தான் அவர்களுக்குக் கணக்கு. மொத்தமாக விழுவதால் மேல் விகிதத்தில் பிடித்துவிடுவார்கள். அது அநியாயம் என்று சட்டத்துக்கே தெரியும். அதனால் ஒரு சலுகை வைத்திருக்கிறது. ஒரு படிவத்தில் அந்தப் பணத்தை அந்தந்த வருஷத்துக்குப் பிரித்துப் போட வேண்டும். அப்போதே வந்திருந்தால் எவ்வளவு வரி ஆகியிருக்கும் என்று காட்டினால், அதிகப்படியாகப் பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பார்கள். இவ்வளவுதான். சின்ன விஷயம். இதில் மனிதர்கள் யாரும் சம்பந்தப்படவே இல்லை.

எங்கள் குடும்பத்தில்தான் சம்பந்தப்பட்டுவிட்டார்கள்.

எனக்கு ஒரே தம்பி. நயினார். விருதுநகரில் கூட்டுறவு வங்கியில் காசாளர். அப்பா போன பிறகு அம்மா பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் வாடகையை ஏற்றினார்கள். ஓய்வூதியம் போதவில்லை. இனி யாராவது ஒருவர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆயிற்று. மற்ற வீடுகளில் இந்த இடத்தில் சண்டை வரும். நாங்கள் சண்டை போடவில்லை. நான் ஒரு ஒப்பந்தம் எழுதினேன். ஒவ்வொரு வருஷமும் யாருக்குச் சம்பளம் அதிகமோ அவர் வீட்டில் அம்மா. நியாயமா இல்லையா? சக்தி உள்ளவன் சுமக்கட்டும். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

வருஷா வருஷம் ஏப்ரல் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு அவன் விருதுநகரிலிருந்து வருவான், நான் மதுரையிலிருந்து வருவேன். இரண்டுக்கும் நடுவில் இதே உங்கள் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஏழு வருஷமும் அவனுக்குத்தான் அதிகம். ஒரு வருஷம் வெறும் நூற்று நாற்பது ரூபாய்தான் வித்தியாசம். அன்றைக்கு டீக்காசை நான் கொடுத்தேன். வாழ்த்துகள் தம்பி என்று கை கொடுப்பேன். அவன் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவான்.

நடுவில் எனக்குக் கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். முதுகுவலி. அந்த நாற்காலியைப் பார்த்தவுடனேயே எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தது. நயினார் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். அவன் குணம் அப்படி.

சரி. எங்கள் கல்லூரி அலுவலர்கள் சம்பள முரண்பாடு என்று ஒரு வழக்குப் போட்டிருந்தார்கள். எல்லோரும் சந்தா கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். அது ஜெயிக்கும் என்று யார் நினைத்தது? போன ஜனவரியில் ஜெயித்துவிட்டது. ஏழு வருஷத்துக்கு முன்தேதியிட்டு. அலுவலகம் முழுக்க மைசூர்பாகு. நானும் ஒரு துண்டு எடுத்தேன். வாயில் வைத்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதுச் சம்பளத்தின்படி அந்த ஏழு ஏப்ரலிலும் எனக்குத்தான் அதிகம்.

அன்று சாயங்காலமே போன்.

“அண்ணே, கேஸ் ஜெயிச்சுட்டீங்களாமே.”

“ஆமா.”

“எந்த வருஷத்துல இருந்து?”

“அதெல்லாம் உத்தரவு வந்துதாண்டா பாக்கணும்.”

“ஏழு வருஷம்னு பேப்பர்ல போட்டிருக்கான்.”

“பேப்பர்காரன் என்னத்தையாவது போடுவான்.”

“அப்ப இந்த ஏழு வருஷமும் அம்மா ஒங்க வீட்டுலதான இருந்திருக்கணும்?”

“இருக்கலையேடா.”

“சம்பளமும்தான் வரல. இப்ப வருதுல்ல?”

அவன் கேட்டது இதுதான் சார். அவன் என்னிடம் காசு கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், அது ஒரு நியாயம். அவன் வருஷத்தைக் கேட்டான். இனிமேல் யாருக்குச் சம்பளம் அதிகம் என்ற பேச்சே வேண்டாம், ஏழு வருஷத்து நிலுவைக்கு அம்மா தொடர்ந்து ஏழு வருஷம் உங்களிடம் என்றான். மார்ச்சில் நான் ஓய்வு பெறப் போகிறேன். ஏப்ரலிலிருந்து எனக்கு வெறும் ஓய்வூதியம். எனக்கு அறுபது, அவளுக்கு எழுபத்தொன்பது. இந்த நேரத்தில் ஏழு வருஷம்.

நான் கோபப்படவில்லை. பொறுமையாக எடுத்துச் சொன்னேன். “நயினார், நிலுவைன்னா பிடித்தம் உண்டு. மொத்தத்த அப்படியே எவனும் கொடுக்க மாட்டான். வரி போக முக்கால் பங்குதான் கையில நிக்கும். அந்தக் கணக்குல அஞ்சேகால் வருஷம்தான் வரும்.”

 அதற்கு அவன் சொல்கிறான், “மிச்சம் ஒன்னேமுக்கால் வருஷத்து அம்மாவ என்ன செய்வீங்க? வருமான வரி ஆபீஸ்ல கொண்டு போய் விட்டுருவீங்களா?”

இப்படிப் பேசுகிறவனிடம் என்ன சொல்வது? போனை வைத்துவிட்டேன்.

ஆனால் அன்றைக்கே ஒரு விஷயம் புரிந்துவிட்டது. முப்பத்தோரு வருஷ அனுபவம் சும்மா போகாது. சட்டப்படி நிலுவை கைக்கு வந்த வருஷத்து வருமானம். அப்படியானால் அந்த ஏழு வருஷமும் என் சம்பளம் பழைய சம்பளம்தான். இந்த ஒரு வருஷம்தான் எனக்கு அதிகம். இந்த வருஷமோ மார்ச் முப்பத்தொன்றில் முடிகிறது. நிலுவை பிப்ரவரிக் கடைசியில்தான் கைக்கு வரும், ஆக நான் அம்மாவை ஒரு ஐந்து வாரம் வைத்துக்கொள்ளக் கடமைப்பட்டவன். அதற்கு நான் தயார். ஐந்து வாரம் என்ன, ஆறு வாரம்கூட வைத்துக்கொள்வேன்.

ஒரே ஒரு இடைஞ்சல். அந்தச் சலுகைப் படிவம். அதை நிரப்பினால் என் கையாலேயே வருஷம் வாரியாக எழுத வேண்டும். இந்த வருஷம் என் சம்பளம் இவ்வளவு, அந்த வருஷம் இவ்வளவு என்று. ஒரு பக்கம் பணம் இந்த வருஷத்தது என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டு, இன்னொரு பக்கம் அது அந்தந்த வருஷத்தது என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க முடியுமா? எனக்கு மனசாட்சி இருக்கிறது சார். படிவம் இல்லையென்றால் ஐம்பத்தோராயிரம் ரூபாய் கூடுதலாகப் போகும்.

என் மனைவி பகவதியிடம் சொன்னேன். அவள் கேட்டாள், “ஐம்பத்தோராயிரத்த ஏழு வருஷத்துக்குப் பிரிச்சா மாசம் எவ்வளவுங்க வரும்?”

“அறுநூத்திச் சொச்சம்.”

“அத்தைக்குக் காப்பிப்பொடிக்கே காணாது. போனாப் போகுது, விட்டுருங்க.”

கல்லூரி முழுக்க எல்லோருக்கும் அந்தப் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். கடைநிலை ஊழியருக்குக்கூட நிரப்பினேன். எனக்கு மட்டும் நிரப்பவில்லை. பிப்ரவரியில் எனக்குச் சம்பளம் என்று கையில் வந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, “என்ன கோமதிநாயகம், மறந்துட்டீங்களா?” என்றார். நாட்டுக்கு வரி கட்டுவதில் எனக்கு மகிழ்ச்சி என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அந்த வாரமே விருதுநகர் போனேன். ஏழு வருஷத்தில் நான் அந்த வீட்டுக்குப் போனது இரண்டோ மூன்றோ தடவைதான். பஸ் வசதி அப்படி. கூடத்தில் நயினார் உட்கார்ந்திருந்தான், அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் சட்டத்தை விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன்.  அம்மாதான் பேசினாள்.

“ஏல கோமதி, அப்ப கைக்கு வந்த வருஷம்தான் கணக்கா?”

“ஆமாம்மா.”

“எந்த வருஷத்துக் காசா இருந்தாலும்?”

“எந்த வருஷத்துக் காசா இருந்தாலும். சட்டமே அப்படித்தாம்மா.”

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். இந்த வருஷம் ஒனக்கு மொத்தம் எவ்வளவு?”

“எல்லாம் சேத்து ஒரு பதினஞ்சு லட்சம்.”

“நயினாருக்கு?”

“எனக்கு ஒம்போதரை,” என்றான் அவன்.

“எனக்கு இருபத்தொன்னு,” என்றாள் அம்மா.

முதலில் நாங்கள் ஏதோ வயசுப் பேச்சு என்று நினைத்தோம். பிறகு சொன்னாள். அப்பா போனதிலிருந்தே குடும்ப ஓய்வூதியத்தைத் தப்பாக நிர்ணயம் செய்து குறைத்துப் போட்டிருக்கிறார்கள். அவள் பாட்டுக்குப் பத்தொன்பது வருஷமாக அப்பா வேலை பார்த்த அலுவலகத்துக்குக் கார்டு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள். எங்களிடமும் எப்போதோ சொன்னாளாம். சொல்லியிருப்பாள். அந்தக் கார்டுகளை எவனோ ஒரு புது அதிகாரி எடுத்துப் படித்துத் தொலைத்துவிட்டான். பதினெட்டு லட்சம் நிலுவை, ஒரே மாதத்தில், அவள் வங்கிக் கணக்கில்.

நான் என் வழக்கப்படி மனதில் கூட்டிப் பார்த்தேன். பதினெட்டும் மூன்றும் இருபத்தொன்று. சரியாகத்தான் இருந்தது.

“ஒங்க ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கு? யாருக்கு வருமானம் கூடுதலோ அவங்கதான அம்மாவ வச்சுக்கிடணும்? இந்த வருஷம் எனக்குத்தான் கூடுதல். நானே என்னைய வச்சுக்கிடுதேன்.”

இதற்கு நயினார் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாதத்தில் ஓட்டையே இல்லை சார். நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

அடுத்த பத்து நாளில் உங்கள் பின்கட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் திருமங்கலம் என்று கேட்டேன். “நீங்க ரெண்டு பேரும் எனக்காக வந்துட்டுப் போற ஊர்தான?” என்றாள். ஏப்ரல் ஒன்றாம் தேதி புது வருஷக் கணக்குப்படி நயினாருக்குத்தான் அதிகம் என்று அவன் காரோடு வந்து நின்றான். ஒப்பந்தத்தைக் காட்டியிருக்கிறான். “இதுல எங் கையெழுத்து எங்கடா இருக்கு?” என்று கேட்டு, சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டாள். எழுதும்போது அவள் கையெழுத்தையும் வாங்கியிருக்க வேண்டும். அது என் தப்புத்தான், ஒப்புக்கொள்கிறேன். எழுத்து வேலையில் எனக்கு இப்படி ஒரு பிசகு வந்ததே இல்லை.

சரி, இருக்கட்டும். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஆனால் வரி? குடும்ப ஓய்வூதியத்துக்கு யாரும் முன்கூட்டிப் பிடிக்க மாட்டார்கள். அவளேதான் கட்ட வேண்டும். படிவம் போடாவிட்டால் மூன்று லட்சத்துக்கு மேல் போகும். போட்டால், பத்தொன்பது வருஷத்துக்குப் பிரித்தால், கிட்டத்தட்ட ஒன்றுமே கிடையாது. என் கண் முன்னால் அந்தப் பணம் வீணாகப் போவதை என்னால் பார்க்க முடியாது. தூக்கம் வரவில்லை. ஜூலை பிறந்ததும் காகிதத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

வருஷம் வருஷமாகக் கட்டம் போட்டு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், “இது என்னல?”

“இந்தப் பணம் அந்தந்த வருஷமே ஒனக்கு வந்திருந்தா எவ்வளவு வரி ஆகியிருக்கும்னு ஒரு கணக்கும்மா.”

“அந்த வருஷமெல்லாம் எங்கிட்ட இந்தப் பணம் இருந்துச்சுன்னு எழுதணுமா?”

“‘இருந்திருந்தா’ன்னு.”

“இருந்திருந்தா நான் பாளையங்கோட்டையிலேயேல்லா இருந்திருப்பேன். ஒங்க சம்பளச் சீட்ட நான் எதுக்குப் பாத்துக்கிட்டு இருக்கணும்?”

அதெல்லாம் படிவத்துக்குத் தேவையில்லை என்று சொன்னேன். வெறும் எண்தான், யாரும் படிக்கப் போவதில்லை, கம்ப்யூட்டர்தான் படிக்கும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, சாவகாசமாக ஒன்று கேட்டாள்.

“ஒனக்கும் ஏழு வருஷத்துப் பணம் வந்துச்சே. ஒன் படிவத்த நீ நிரப்பிட்டியா?”

அதற்கு ஒரு பதில் இருக்கிறது சார். அதைச் சொல்வதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டாள்.

“ஊருக்கே நிரப்புனியாமே. பகவதி சொன்னா. ஒனக்கு ஏன்ல நிரப்பல?”

இதுதான் நிபந்தனை. நான் என் படிவத்தை நிரப்ப வேண்டும். எனக்கும் முப்பத்தொன்றாம் தேதிவரை நேரம் இருக்கிறது, பிடித்த ஐம்பத்தோராயிரமும் திரும்பி வரும். நயினாரிடம் காட்ட வேண்டாமாம். அவனுக்குச் சொல்லக்கூட வேண்டாமாம். அவளுக்கு மட்டும் வருஷம் வருஷமாக வாசித்துக் காட்ட வேண்டுமாம். இந்த வருஷம் எனக்கு இவ்வளவு சம்பளம், இந்த வருஷம் இவ்வளவு என்று ஏழு வருஷத்தையும் என் வாயால். முடித்த அடுத்த நிமிஷம் அவளுடையதில் கையெழுத்துப் போடுவாளாம்.

நிரப்பிவிட்டேன் சார். அவளுக்காகத்தான். மூன்று லட்சம் என்றால் சும்மாவா? இன்று காலை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் அச்சும் எடுத்தாயிற்று. இதோ இரண்டே பக்கம். சொத்து வரி ரசீதை வாசிப்பதுபோல வாசித்துவிட்டுப் போகலாம். இந்த மூன்றாவது வரிதான் அவளுக்குக் கண் ஆபரேஷன் நடந்த வருஷம். அப்போது பரீட்சை நேரம், லீவு கிடைக்கவில்லை. இந்த ஐந்தாவது வரி நூற்று நாற்பது ரூபாய் வருஷம். அதை வாசிக்கும்போது ஏதாவது கேட்பாளோ என்னவோ.

அதனால்தான் சொல்கிறேன். உங்களிடம் வாசித்துக் காட்டுகிறேன், நீங்கள் கேட்டுக்கொண்டு போய், வாசித்துவிட்டான், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். மூன்றாவது மனிதர் சொன்னால் எந்த அலுவலகத்திலும் ஏற்றுக்கொள்வார்கள். மாட்டீர்களா? அவள் ஏற்கெனவே உங்களிடம் பேசிவிட்டாளா?

சரி. கதவு திறந்துதான் இருக்கிறது, தெரியும். டிவி சத்தம் கேட்கிறது. போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு உதவி சார். அவளுக்குக் காது மந்தம், ஒரு மெஷின் வாங்கி வைத்திருக்கிறாள். சில நேரம் போட்டுக்கொள்வாள், சில நேரம் கழற்றி டிவி மேல் வைத்துவிடுவாள். நீங்கள் தண்ணீர் குடிக்கப் போவதுபோல ஒரு எட்டுப் போய், இப்போது போட்டிருக்கிறாளா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். போடாமல் இருந்தால் இப்போதே போய் வாசித்துவிடுகிறேன்.